நரி வேடம் யாருக்கு?

விலங்குகள் பேசும் உலகம் மனிதன் கண்டறிந்த நாடுகளுள் மிகப் பழையது. அரசனும் ஆண்டியும், முதியோரும் மழலையரும் அந்நாட்டிற்குத் தடையின்றிப் போய் வந்திருக்கின்றனர். பேசாத பொருள்களைப் பேசுவனபோல் வைத்துக் கூறும் மரபினை நன்னூலாரும் ஏற்று இலக்கணம் வகுத்திருக்கிறார். ஆயினும், அந்நாட்டில் நுழைவோன் எவ்வொழுக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

கதை படிப்பவன் வெளியே நின்று பார்க்கிறான். அவனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேடம் பூணுகிறவனோ உள்ளே புகுந்து நரியாகவும் சிங்கமாகவும் வாய் திறக்கிறான். அப்போது அவன் சொல்லும் பொய்க்கும், காட்டும் கொடுமைக்கும், அதனால் அவன்மேல் ஒட்டிக்கொள்ளும் பெயருக்கும் பொறுப்பு யாருடையது? நரியினுடையதா, நரி வேடம் பூண்டவனுடையதா?

இது வெறும் நாடக மேடை வினா என்று தள்ளிவிடலாம். ஆனால் இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டங்களில் அவ்வாறு தள்ளிவிட முடியாது. அங்கே தேயிலை மலைகளும் இறப்பர் காடுகளும் சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே கிடக்கின்றன. லயத்து முற்றத்தில் தமிழில் நடக்கும் நாடகத்தை வேலிக்கு அப்பால் நிற்கும் சிங்களச் சிறுவனும் பார்க்கிறான். மொழி புரியாவிட்டாலும் சிங்கம் எது, நரி எது என்பது அவனுக்குப் புரிகிறது. ஆகவே, யாருக்கு எந்த விலங்கின் முகத்தைக் கொடுக்கிறோம் என்பது அங்கே சிறு செய்தியன்று.

ஒரு சிறுவனின் மறுப்பு

சில ஆண்டுகளுக்கு முன்பு, இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கலைவிழாவிற்காகப் பஞ்சதந்திரக் கதையொன்றை நாடகமாக்கினர். வசனம் எழுதிக் கொடுக்கும் பணி என்னிடம் வந்தது. சிங்கமும் எருதும் நண்பர்களாயிருக்க, நரியொன்று இடையே புகுந்து கோள் சொல்லிப் பிரிக்கும் கதை அது. ஒத்திகை நாளன்று எல்லா வேடங்களுக்கும் ஆள் கிடைத்தது. சிங்கத்திற்கு நால்வர் போட்டியிட்டனர். எருதாக நிற்கவும் ஒருவன் முன்வந்தான். நரிக்கு மட்டும் ஒருவருமில்லை. ஆசிரியர் ஒரு சிறுவனைச் சுட்டி, "நீ நன்றாகப் பேசுவாயே தம்பி, நீயே செய்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் நரியா நடிக்க மாட்டேன் சேர். நாடகம் முடிஞ்சாலும் எல்லாரும் என்னைய நரின்னேதான் கூப்பிடுவாங்க."

ஆசிரியர் சிரித்துவிட்டார். பிள்ளைகளும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை ஒருவன், பெரியோர் பலர் கண்டறியாத உண்மையைக் கண்டறிந்து சொல்லிவிட்டான். வேடத்தைக் கழற்றலாம், பெயரை எளிதில் கழற்ற முடியாது. தோட்டங்களில் பட்டப்பெயர் ஒருவனைப் பிடித்துக்கொண்டால், அவன் பிள்ளைகளையும் அது தொடர்ந்து வருவதை நாம் அறிவோம். அச்சிறுவனின் அச்சம் வீணானதன்று.

அன்று முதல் இவ்வினா என்னை விட்டு அகலவில்லை. நம் முன்னோர் விலங்கு வேடத்தைப் பற்றி என்ன அறம் வைத்திருந்தனர் என்று தேடலானேன். சட்டமாக எழுதிய நூல் எதுவும் எனக்கு அகப்படவில்லை. ஆனால் கதைகளுக்குள்ளேயும் கூத்துகளுக்குள்ளேயும் அச்சட்டங்கள் புதைந்து கிடக்கின்றன.

மாரீசன் செய்ததும் நாம் செய்வதும்

முதலில், வேடமென்பது யாது? இராமாயணத்தில் மாரீசன் பொன்மான் வடிவெடுத்தான். இறுதியில் இராமனுடைய குரலில் இலக்குவனை அழைத்துக் கதறினான். விலங்கு வேடம், அதன்மேல் மனிதக் குரல். நடிப்பென்று பார்த்தால் அதனினும் சிறந்த நடிப்பு இல்லை. எனினும் அதனை நாம் கலையென்று போற்றுவதில்லை. ஏன்? பார்த்தவளுக்கு அது வேடமென்று தெரியாது. ஆடியவனுக்கு மட்டுமே தெரியும். ஒருவன் மட்டும் அறிந்த வேடம் வஞ்சனை. இருவரும் அறிந்த வேடமே ஆட்டம்.

இன்னொன்றும் உண்டு. மாரீசன் அவ்வேடத்தை விரும்பிப் பூணவில்லை. மறுத்தால் இராவணன் கையால் இறக்க வேண்டும், பூண்டால் இராமன் கையால் இறக்க வேண்டும் என்ற இக்கட்டில் பூண்டான். கட்டாயத்தால் அணிந்த முகம் அணிந்தவனையே முதலில் அழித்தது. இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. வேடத்தை வேடமென்று பார்ப்போரும் அறிந்திருக்க வேண்டும். பூணுகிறவன் மனமுவந்து பூண வேண்டும். தலைகுனிந்து நின்ற சிறுவனை அதட்டி நரியாக்கியிருந்தால் இவ்விரண்டாம் விதியை மீறியிருப்போம்.

வாய் வந்தால் வழக்கும் வரும்

"நான் விலங்கு, எனக்கு ஏது நியாயம்?" என்று கேட்டுத் தப்பிக்கலாமா? இக்கேள்வியைக் கேட்டவன் வாலி. கம்பர் அதனை ஒரு பெரும் வழக்காகவே நடத்துகிறார். தம்பியின் மனைவியைக் கவர்ந்த குற்றத்தை இராமன் சுமத்தும்போது, மனிதருக்குரிய மணமுறையும் கற்பு நெறியும் குரங்குகளாகிய எமக்கு விதிக்கப்படவில்லை என்று வாலி வாதிடுகிறான். இராமனுடைய மறுமொழி கூர்மையானது. நன்றும் தீதும் அறியும் அறிவு இருக்குமானால், உடம்பைக் காட்டி விலங்கென்று ஒதுங்க முடியாது. முதலைவாய்ப்பட்ட யானை இறைவனை அழைத்தது. கழுகரசனாகிய சடாயு அறத்திற்காக உயிர் கொடுத்தான். அவர்களும் விலங்கும் பறவையுமாய்ப் பிறந்தவர்களே.

இராமன் மறைந்து நின்று அம்பு எய்தது சரியா, தவறா என்ற பூசல் தமிழ்நாட்டுப் பட்டிமண்டபங்களில் ஓயாமல் நடந்திருக்கிறது. அதனை அங்கேயே விடுவோம். நமக்கு வேண்டியது அவ்வழக்கில் இருவரும் ஒப்புக்கொண்ட அடிப்படை ஒன்று. பேசத் தெரிந்த உயிர் வழக்காடவும் கடமைப்பட்டது. வாலி ஊமைக் குரங்காயிருந்தால் அவன்மேல் குற்றமில்லை. வாய் வந்த பின்னரே வழக்கும் வந்தது.

விலங்கு வேடம் பூண்டவனுக்கும் இது பொருந்தும். புலி வேடம் பூண்டதனால் பக்கத்தில் நிற்பவனை மெய்யாகவே நகத்தால் கீறும் உரிமை வருவதில்லை. குரங்கு வேடம் பூண்டதனால் பார்க்க வந்த பெண்களின் தாவணியை இழுக்கும் உரிமையும் வருவதில்லை. திருவிழாக்களில் இவை நடந்தபோது, "வேடத்தில் செய்தான், விடுங்கள்" என்று சமாதானம் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது வாலியின் வாதம். கம்பர் அதனை ஏற்கவில்லை.

தமனகனுக்கு நடந்த விசாரணை

அடுத்து வருவது தந்திரத்தின் நியாயம். பஞ்சதந்திரம் மூன்று அரசிளங்குமரரை அறிவுடையோராக்குதற்கு விஷ்ணுசர்மன் சொன்ன கதைத் தொகுதி என்பர். தமிழில் தாண்டவராய முதலியார் 1826 இல் அதனை உரைநடையில் தந்தார். அதன் முதற்பகுதியாகிய மித்திரபேதமே நம் பாடசாலையார் எடுத்த கதை. பிங்கலகன் என்னும் சிங்கத்தையும் சஞ்சீவகன் என்னும் எருதையும் தமனகன் என்னும் நரி பிரித்து, சிங்கத்தின் கையாலேயே எருதைக் கொல்விக்கிறது. பின் என்ன ஆயிற்று? தமனகன் அமைச்சனாய்ச் சிங்கத்தின் அருகிலேயே இருந்துவிடுகிறான்! அரசியல் நூலென்ற முறையில் அம்முடிவு இருக்கலாம். பிள்ளைகள் முன் மேடையேற்றும்போது அது நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது.

இம்முள் இன்று நம்மை மட்டும் குத்தியதன்று. இக்கதை 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னன் அனுஷிர்வான் காலத்தில் பஹ்லவி மொழிக்குப் போயிற்று. அங்கிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா என்பார் 'கலீலா வ திம்னா' என்ற பெயரில் அரபு மொழிக்குக் கொண்டு சென்றார். தமனகனே அங்குத் திம்னா. மூலத்தில் இல்லாத ஓர் அதிகாரம் அரபு நூலில் இருக்கிறது; அது திம்னாவின் விசாரணை. சிங்கத்தின் தாய் உண்மையை அறிந்து மகனைத் தூண்டுகிறாள். நரி சிறைப்படுகிறது. அவையிலே நாவன்மையால் தன்னைக் காக்க முயல்கிறது. இறுதியில் சாட்சியங்கள் வலுத்துத் தண்டனை பெறுகிறது. இவ்வதிகாரத்தை அரபு ஆசிரியரே சேர்த்திருத்தல் வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

எல்லைகளைக் கடந்த கதை, எல்லை கடக்கும்போது நீதியையும் உடன் தேடிக்கொண்டது. இதில் நமக்கொரு விதி இருக்கிறது. நரியின் தந்திரத்தை அரங்கில் காட்டலாம், சுவையாகவே காட்டலாம். ஆனால் அத்தந்திரத்திற்குக் கணக்குக் கேட்கும் காட்சி ஒன்றும் அவ்வரங்கிலேயே இருக்க வேண்டும். நரியைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, எருதின் மனைவியும் கன்றும் என்ன ஆயின என்று கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. கோள் சொல்லிப் பிழைக்கும் தமனகர்களால் தோட்டங்களில் குடும்பங்கள் பற்றுச்சீட்டோடு வெளியேறியதைக் கண்ட தலைமுறை இன்னும் முற்றாக மறையவில்லை. அவர்கள் முன்னிலையில் நரி வென்றதோடு திரையை இறக்குவது நாகரிகமாகாது.

இதனை ஒட்டி இன்னொன்று சொல்ல வேண்டும். பகடியின் திசை மேல் நோக்கியதாய் இருத்தல் நலம். நம் கூத்துகளிலே கோமாளி அரசனையே ஏளனம் செய்வான். ஏழையை ஏளனம் செய்தால் அவையில் சிரிப்பு எழாது. மழைக்காலத்தில் காலைப் பற்றும் அட்டையைத் தோட்டத்தில் அறியாதார் இல்லை. அவ்வட்டைக்கு வாய் கொடுத்து, இரத்தம் உறிஞ்சிய பழைய கங்காணியின் பேச்சைப் பேச வைத்தால் அது நையாண்டி. நொண்டியாய் நடக்கும் கிழவியின் நடையைக் கோழிக்குக் கொடுத்தால் அது கொடுமை.

ஓநாய்க் குட்டிகளின் சட்டம்

பேசும் விலங்குகளாய்ச் சிறுவர் வேடம் பூண்டு, அதற்கென எழுதிய சட்டத்திற்கும் உட்பட்டு நடந்த ஒரு முயற்சி உலகில் உண்டு. ருட்யார்ட் கிப்ளிங் 1894 இல் வெளியிட்ட காட்டுக் கதை நூலை வைத்து, சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் 1916 இல் சிறு பையன்களுக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அவர்கள் ஓநாய்க் குட்டிகள். தலைவர் அகேலா என்னும் கிழட்டு ஓநாய். சாரணியம் 1912 இல் மாத்தளையில் காலூன்றிய இலங்கையிலும் அப்பிரிவு பரவியது. குருளைச் சாரணர் என்று நாம் அவர்களை அழைக்கிறோம்.

அக்குருளைகளுக்கு இருந்த சட்டம் இரண்டே கூறுகள் உடையது. குருளை மூத்த ஓநாய்க்குப் பணியும். தன் மனத்தின் சபலத்திற்குப் பணியாது. விலங்கு வேடம் பூண்டால் கட்டவிழ்ந்து திரியலாம் என்பதற்கு நேர்மாறாக, ஓநாயாகிய காரணத்தாலேயே அடங்கி நடக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். அப்பயிற்சி ஆட்டங்களில் ஷேர்கான் என்னும் புலியும், அதன் பின்னே வால்பிடித்துத் திரியும் தாபாக்கி என்னும் நரியும் வருவதுண்டு. தாபாக்கியாகப் பலர் சேர்ந்தே ஆடுவர். ஒரே பையன் நிலையாக நரியாவதில்லை. நம் பாடசாலைச் சிறுவனின் துயருக்கு இதில் ஒரு மருந்து இருக்கிறது.

எனினும், மூத்த ஓநாய்க்குப் பணிதல் என்பதனை மட்டும் பிடித்துக்கொண்டால் கேடும் வரும். ஜார்ஜ் ஆர்வெல் 1945 இல் வெளியிட்ட 'விலங்குப் பண்ணை'யில் விலங்குகள் ஏழு கட்டளைகளைச் சுவரில் எழுதி வைக்கின்றன. ஆட்சியைக் கைப்பற்றிய பன்றிகள் தம் வசதிக்கேற்ப அவற்றை மெல்ல மாற்றிவிடுகின்றன. எழுத்தறியாத விலங்குகள் முன்பும் இப்படித்தான் இருந்தது போலும் என்று நம்பிவிடுகின்றன. ஆகவே, ஆட்டத்தின் சட்டம் ஆடுவோர் அனைவரும் அறிந்ததாய், வலியவன் தன்னிச்சையாய் மாற்ற முடியாததாய் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத தாத்தாவின் கைநாட்டைப் பெற்ற கடதாசிகளில் என்ன எழுதியிருந்தது என்று பின்னர் அறிந்த நம் மக்களுக்கு இவ்விதியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கழற்றும் முறை

வேடத்தை எப்படிப் பூணுவது என்பதைக் காட்டிலும், எப்படிக் கழற்றுவது என்பதிலேயே நம் முன்னோர் மிகுந்த கவனம் செலுத்தினர்.

மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தை எடுத்துக்கொள்வோம். வேடம் ஏற்போர் காப்புக் கட்டி விரதம் இருக்கின்றனர். கூத்து முடிந்ததும் காப்பை அவிழ்க்கின்றனர். காப்புக் கட்டியது முதல் அவிழ்க்கும் வரை அவன் மன்மதன். அவிழ்த்த பின் அவன் நாளைக் காலைப் பெரட்டுக்குப் போக வேண்டிய தொழிலாளி. இரு நிலைகளுக்கும் இடையே அந்த மஞ்சள் கயிறு தெளிவான எல்லையிட்டு நிற்கிறது. அருச்சுனன் தபசில் மூகாசுரன் பன்றி உருவெடுத்து வருகிறான். பன்றியாய் ஆடியவனை மறுநாள் யாரும் பன்றியென்று அழைப்பதில்லை. அழைத்தால் அது கூத்துக்கே இழுக்கு. விரதத்தின் உட்பொருள் இதுவே என்று நான் கருதுகிறேன். வேடத்தின் மாசு ஆளின்மேல் படியாதிருக்க இட்ட வேலி அது.

நம் அயலாரான பௌத்தரின் சாதகக் கதைகளில் இன்னும் அழகான முறையொன்று இருக்கிறது. 547 கதைகள் கொண்ட பெருந்தொகுதி அது. போதிசத்துவர் குரங்காய், மானாய், முயலாய், யானையாய்ப் பிறந்து செய்த செயல்கள் பலவற்றை அதில் காணலாம். ஒவ்வொரு கதையின் முடிவிலும், அக்கதையில் வந்தோர் இன்று யார் யார் என்று புத்தர் பொருத்திக் காட்டுவார். அன்று குரங்காய் இருந்தவன் நானே என்பார். சமோதானம் என்று அப்பகுதிக்குப் பெயர். முகமூடிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி, அவையின் முன் மெய்ம்முகத்தைக் காட்டும் சடங்கே அது. அதன் பின்னரே கதை முற்றுப்பெறும்.

சிங்கமும் புலியும்

இனிச் சொல்லப்போவது மிகவும் நுட்பமானது. ஆயினும் சொல்லாமல் விடலாகாது.

இலங்கைக் காடுகளில் இன்று சிங்கம் இல்லை. வேங்கைப் புலியும் இல்லை. நம் தோட்டத்தார் புலியென்று அழைப்பது சிறுத்தையையே. காட்டில் இல்லாத இவ்விரு விலங்குகளும் இந்நாட்டின் அரசியலில் மட்டும் உலாவி வந்திருக்கின்றன. ஓர் இனம் தன்னைச் சிங்கத்தின் வழித்தோன்றலென்று கூறிக்கொள்கிறது. இன்னோர் இனத்தின் பெயரால் புலிக்கொடி பிடித்துப் போரிட்ட இயக்கம் 2009 இல் வீழ்ந்தது. இப்போர்களில் எதனோடும் தொடர்பில்லாத தோட்டத் தொழிலாளி, தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டும் இறப்பர் பால் வெட்டிக்கொண்டும் இருந்தான். இருந்தும் அவனுக்குப் பிறர் ஒரு விலங்கின் முகத்தை மாட்டிவிட்டனர். 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் சப்பிரகமுவத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்கு அகதிகளாய்ப் போய்ச் சேர்ந்தனர். ஒரு மனிதனை முதலில் விலங்காக்கிப் பேசினாலன்றி அவன் குடியிருப்புக்குத் தீவைப்பது எளிதன்று. சொல் முன்னே போகும். தீப்பந்தம் பின்னே வரும்.

ஆதலால், சப்பிரகமுவத் தோட்டமொன்றில் பிங்கலகன் என்னும் சிங்கத்தை மேடையேற்றும்போது, அது அயற்கிராமத்தாரின் இனத்தைச் சுட்டுவதாய் ஒரு சொல்லும் தொனிக்கலாகாது. முயல் தந்திரமாய்ச் சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்தும் கதை எளியோன் வலியோனை வென்ற கதையாய்ப் பல நூற்றாண்டுகள் நின்றிருக்கிறது. அதனை ஓர் இனம் இன்னோர் இனத்தை வீழ்த்திய கதையாய்க் குறுக்குவோன் கதைக்கும் துரோகம் செய்கிறான். தன் பிள்ளைகளுக்கும் ஆபத்துத் தேடுகிறான். அடுத்த பக்கத்தாருக்கும் இதே விதி உண்டு. ஒரு பாடசாலை விழாவில் புலியை அடித்துத் துரத்தும் காட்சியைக் கண்டு, பின்வரிசையில் அமர்ந்த தமிழ்ப்பிள்ளை தலைகுனிய நேர்ந்தால், அங்கு நடந்தது நாடகமாகாது.

சிங்களக் கலைஞர் இதற்கொரு நல்ல முன்மாதிரியும் தந்திருக்கின்றனர். எதிரிவீர சரச்சந்திரர் 1961 இல் 'சிங்கபாகு' நாடகத்தை மேடையேற்றினார். மகாவமிசம் கூறும் கதையே அது. அதில் வரும் சிங்கம் வெற்றி முழக்கம் செய்வதில்லை. பிரிந்து சென்ற மனைவி மக்களைத் தேடிக் காடெங்கும் அலைந்து பாடுகிறது. மகன் எய்த அம்பால் மாய்கிறது. இனப்பெருமைக்குரிய அடையாளமாய்க் கருதப்பட்ட விலங்கைத் தவிக்கும் தந்தையாக்கிக் காட்டியதனால், அதன்முன் எவ்வினத்தானும் கண்கலங்க முடிகிறது. நம் பிங்கலகனையும் அவ்வாறே காட்டலாம். கோளை நம்பி நண்பனைக் கொன்றுவிட்டு, நண்பனின் உடல்முன் நின்று கலங்குகிறவன் அவன். அந்த ஒரு காட்சிக்காகவே அவ்வேடத்தை ஏற்கலாம்.

பெயர் சொல்லி அழைப்பதைப் பற்றியும் சாதகத்தில் ஒரு கதையுண்டு. நந்திவிசாலன் என்னும் எருது தன்னை வளர்த்த அந்தணனுக்கு நன்றி செய்ய விரும்பி, நூறு வண்டிகளை இழுப்பதாய்ப் பந்தயம் வைக்கச் சொன்னது. பந்தய நேரத்தில் அந்தணன் அதனைக் கயவனே என்று வைது அதட்டினான். எருது ஓரடியும் நகரவில்லை. அவன் ஆயிரம் காசு இழந்தான். பின்னர் நல்ல சொல்லால் அழைத்தபோது நூறு வண்டியும் நகர்ந்தன. இரண்டாயிரம் காசு வந்தது. கள்ளத்தோணி என்றும் தோட்டக்காட்டான் என்றும் வசைகேட்டுக்கொண்டே இந்நாட்டின் நூறு வண்டிகளை இழுத்த மக்கள் நாம். வசைச்சொல்லின் பாரத்தை அறிந்தவர் பிறர்மேல் அதனை ஏற்றலாகாது. ஆடுமாடுகூட அறிந்த மரியாதை இது.

ஊமை விலங்கின் பங்கு

கதையில் பேசும் விலங்குகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து, மலையில் பேசாது திரியும் விலங்குகளை மறந்துவிடக் கூடாது. சி. எஸ். லூயிஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் தம் நார்னியாக் கதைகளுள் 1955 இல் வெளிவந்த நூலில், சிங்கமாகிய அஸ்லான் சில விலங்குகளுக்குப் பேசும் வரம் கொடுப்பதாய் எழுதினார். வரம் பெற்ற விலங்குகள் பேசாத விலங்குகளை அன்போடு பேண வேண்டும் என்பது அங்கே விதிக்கப்படும் கடமை.

நம் மலைகளில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியில் சிறுத்தை சிக்கித் துடித்து இறக்கிறது. சிறுத்தையாய் மேடையில் உறுமிக் கைதட்டல் பெற்ற பிள்ளை, அந்தக் கண்ணியைக் கண்டால் பெரியவர்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும். ஒருநாள் அதன் முகத்தை இரவல் வாங்கி அணிந்ததற்கு அது கொடுக்க வேண்டிய வாடகை.

இரண்டாம் ஒத்திகை

நம் சிறுவனின் கதையை முடித்துவிடுகிறேன். அடுத்த ஒத்திகைக்குள் நாடகத்தில் சில மாற்றங்கள் செய்தோம். திம்னாவின் விசாரணையைப் பின்பற்றி இறுதியில் ஓர் அவைக்காட்சி சேர்ந்தது. நரி வேடத்தை ஐந்து பிள்ளைகள் காட்சிக்கு ஒருவராய் மாறி மாறி ஏற்பதென்று முடிவாயிற்று. சிங்கத்திற்குப் போட்டியிட்ட நால்வரும் அவர்களுள் அடங்குவர். ஒரே வாலை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக் கட்டிக்கொண்டனர். விழா முடிவில் எல்லோரும் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்து வரிசையாய் நின்று, தத்தம் பெயரையும் வகுப்பையும் சொல்லி வணங்கினர். அச்சிறுவன் விசாரணைக் காட்சியில் நரியாய் நின்று வாதாடினான். அவன் வாதம் அவ்வளவு சாமர்த்தியமாய் இருந்தது. அவன் தன் பெயரைச் சொன்னபோது, லயத்துப் பெண்கள் அப்பெயரையே சொல்லி மெச்சினார்கள். சாதகத்தின் சமோதானத்தை அவர்கள் அறிந்திரார். அதன் பயனை நான் அங்கே கண்டேன்.

எனவே, விலங்கு வேடம் பூண்போருக்கும் பூட்டுவோருக்கும் நான் கூற விழைவது இவ்வளவே. பார்ப்போர் அறியப் பூணுங்கள். விரும்பாதவன்மேல் சுமத்தாதீர்கள். விலங்கின் தோலைக் காட்டி மனிதக் குற்றத்திற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். தந்திரத்தைக் காட்டினால் அதன் கணக்கையும் காட்டுங்கள். வலியோனை நகையுங்கள்; எளியோனை விடுங்கள். அயலானுக்கு விலங்கின் பெயர் சூட்டாதீர்கள். முடிவில் முகமூடியைக் கழற்றி, மனிதப் பெயரைச் சொல்லி மனிதனாய் வீடு திரும்புங்கள்.

சப்பிரகமுவ மலைகளுக்கு மேலே சிவனொளிபாத மலை நிற்கிறது. அதன் உச்சிச் சுவட்டைச் சிவனுடையதென்றும் புத்தருடையதென்றும் ஆதமுடையதென்றும் பல சமயத்தார் வணங்கி ஏறுகின்றனர். படியில் இளைத்து நிற்பவனைத் தாங்கிப் பிடிக்கும் கை, அவன் எச்சமயத்தான் என்று கேட்பதில்லை. எந்தச் சுவடாயினும் அது பாதச் சுவடே, நகச் சுவடன்று.